டெர்ஹோ சீவிய நாய்

எனக்கு நாய்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த விஷயத்தில் நான் எப்படி வந்து மாட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரியாது. எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு டெர்ஹோ என் வாசலில் வந்து நின்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இத்தனை வருடத்தில் அவராக வந்து என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. பாலோ சர்க்கரையோ தேவைப்பட்டால் அவர் மனைவி இர்மெலிதான் வருவாள். அன்று அவர் கையில் நாய் இருந்தது. அதன் ஒரு காதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கெர்ட்டு, இந்த இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"தொட்டுத்தான் பாருங்களேன். கட்டி மாதிரி இருக்கு."

பள்ளிக்கூடச் சமையல்கட்டில் காலமெல்லாம் வேலை பார்த்த கை என்னுடையது. எதையும் தொடும். தொட்டேன். காதுக்குப் பின்னால் வாதுமைக் கொட்டை அளவில் கெட்டியாக ஏதோ இருந்தது. முன்னங்காலின் அக்குளில் இன்னொன்று. தொடையில் அப்பளம் போலத் தட்டையாக ஒன்று. எனக்குப் பயம் வந்தது. நாய் போய்விடும் என்பதற்காக அல்ல. அந்த நாய் போனால் டெர்ஹோ என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

கால்நடை டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார். மதியம் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்தால் நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே தெரியவில்லை.

"முடியாம்," என்றார்.

"என்ன முடியாதாம்?"

"இல்ல கெர்ட்டு, முடி. கட்டி இல்லையாம், வெறும் முடியாம். சிக்குப் பிடிச்சு உருண்டு போச்சாம். நான் தினமும் சீவறேன். ஒரு நாள்கூட விட்டதில்ல."

அதற்கு நான் சாட்சி. தினமும் காலையில் ரேடியோவில் செய்தி ஆரம்பித்ததும் அவர் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து நாயை மடியில் வைத்துச் சீவுவதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நாய் பளபளவென்றுதான் இருந்தது. தினமும் சீவுகிற முடியில் எப்படிச் சிக்குப் பிடிக்கும்? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாய் எங்கள் இருவரையும் பார்த்தது.

டெர்ஹோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் ஊர் ஈசால்மி நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் ஊர் எழுந்திருப்பதற்குள் தெருவெல்லாம் தள்ளி முடித்திருப்பார். பேச்சு கிடையாது. வீட்டுக்குத் தேவையான பேச்சு மொத்தத்தையும் இர்மெலியே பேசிக்கொண்டாள். மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை பார்த்தவள், ஊரில் யாருக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லவே மாட்டாள். வம்பு பேச ஆசைப்பட்டு அவளிடம் போனால் காப்பியும் பன்னும்தான் கிடைக்கும்.

நாய் அவளுடையது. பெயர் ஹிப்பு. அம்மா திபெத்திய டெரியர், அப்பா யாரென்று நாய்க்கும் தெரியாது. சாம்பலும் வெள்ளையுமாக, கண்ணை மறைக்கும்படி முடி. தரை வரைக்கும் தொங்கும். நடந்து வந்தால் தரையைத் துடைக்கும் துணி ஒன்று தானாக எழுந்து வருவது போல இருக்கும்.

இர்மெலிக்கு மறதி வந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மருந்துக்கடையில் எல்லோரையும் போல வரிசைச் சீட்டை எடுத்துக்கொண்டு, பிறகு நேராகக் கவுண்டருக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டு, அடுத்தது யார் என்று கேட்டிருக்கிறாள். அவள் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள்.

டெர்ஹோ தினமும் போனார். ஆரம்பத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பெயர் போயிற்று. கிறிஸ்துமஸ் வாக்கில் "நீ" போய் "நீங்க" வந்தது. ஆனால் ஹிப்புவை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. நாயை மடியில் வைத்தால் போதும், இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் அந்த முடிக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். "ஹிப்பு, என் ஹிப்பு" என்பாள். பிறகுதான் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். "ஹிப்புவோட வந்தீங்களா? அப்போ உக்காருங்க" என்பாள்.

ஒரு நாள் நாய்க்கு வயிறு சரியில்லை என்று டெர்ஹோ தனியாகப் போயிருக்கிறார். இந்த ஐயா அறை மாறி வந்துவிட்டார் போலிருக்கிறது, வழி காட்டி அனுப்புங்கள் என்று இர்மெலி செவிலியிடம் மிக மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். இதை அவர் என்னிடம் துணி காயப்போடும் இடத்தில் சொன்னார், அதுவும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு. அதற்குப் பிறகு அவர் நாய் இல்லாமல் அங்கே போனதே இல்லை.

ஆகவே அந்த முடி வெறும் முடி அல்ல. அவர் மனைவியிடம் போய்ச் சேர அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது. அதில்தான் இப்போது கட்டி கட்டியாகச் சிக்கு விழுந்திருந்தது.

டயர் கடைக்குப் பின்னால் ஐலா என்ற பெண் நாய்களுக்கு முடி திருத்துகிறாள். கூட வரமுடியுமா என்று டெர்ஹோ கேட்டார். கேட்டார் என்றால், "கார்ல இன்னொரு சீட்டும் இருக்கு" என்றார். இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நான் பின்லாந்தின் மேற்கே போஹ்யன்மாவில் பிறந்தவள். அங்கே ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. கல்யாணமாகி இந்தச் சாவோ சீமைக்கு வந்தேன். இங்கே ஒருவரிடம் மணி என்ன என்று கேட்டால், வெளிச்சத்தைப் பார்த்தால் நேற்று இதே நேரத்தைப் போலத்தான் இருக்கிறது என்பார்கள். என் புருஷன் செத்துப்போகும் வரைக்கும் அவருக்கு என் சமையல் பிடித்ததா என்று எனக்குத் தெரியாது.

ஐலா ஹிப்புவை மேசைமேல் ஏற்றினாள். ஒரு இரும்புச் சீப்பை எடுத்து முதுகில் மேலாக இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. டெர்ஹோ, பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தார். அடுத்தாற்போல ஐலா முடியை வகிர்ந்து, சீப்பைத் தோல்வரை இறக்கி இழுத்தாள். சீப்பு அங்கேயே நின்றுவிட்டது. வேறு இடத்தில் இறக்கினாள், அங்கேயும் நின்றது. கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வாலுக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் அப்படித்தான்.

"மேல ஒரு நாய் இருக்கு, உள்ள ஒரு நாய் இருக்கு," என்றாள் ஐலா. "இவரு மேல இருக்கற நாயைத்தான் சீவியிருக்காரு."

டெர்ஹோ தன் பிரஷை எடுத்துக் காட்டினார். மெத்தென்ற பிரஷ். இர்மெலி இதைத்தான் வைத்திருந்தாள், இதில்தான் சீவுவாள், நான் பார்த்திருக்கிறேன் என்றார். ஐலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எல்லாம் முடிந்தபிறகு கடைசியாகப் பளபளப்புக்காகத் தடவுகிற பிரஷ் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெர்ஹோ விடியுமுன் வேலைக்குப் போய்விட்டு காலைச் செய்திக்கு வீட்டுக்குத் திரும்புகிறவர்; ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து ஊரைச் சுற்றிவிட்டு வருகிறவர். அவர் உள்ளே நுழையும்போது இர்மெலி கடைசி வேலையைச் செய்துகொண்டிருப்பாள். அதற்கு முன்னால் அவள் செய்தது எதையும் இந்த மனுஷன் ஆயுசுக்கும் பார்த்ததில்லை. கடைசி வரியை மட்டும் கேட்டுவிட்டு முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

போதாததற்குக் குளிர் காலம் முழுக்க நாய்க்கு ஈரம் படக்கூடாதென்று மழைச்சட்டை மாட்டி நடத்தியிருக்கிறார். அந்தச் சட்டை உரசி உரசி உள்ளே இருந்ததெல்லாம் திரண்டுவிட்டது. நல்லது என்று நினைத்துச் செய்ததெல்லாம் கெடுதலாக முடிந்திருந்தது.

இப்போது என்ன செய்வது என்று நானே கேட்டேன். ஐலா சொன்னாள். என்னத்தைச் சொன்னாள்! சிக்கை விரலாலும் பிரிக்கலாம், பொறுமை இருக்கிறவருக்குப் பொறுமை இருக்கும், நுனியிலிருந்து தொடங்கினவர்களும் உண்டு, வேரைப் பிடித்துக்கொண்டால் நாய் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை, மெஷின் போட்டாலும் முடி என்றைக்காவது வளரத்தான் செய்யும். எனக்குத் தலை சுற்றியது. டெர்ஹோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார், குளிப்பாட்டலாமா என்று.

ஐலா கொஞ்சம் யோசித்தாள். "நனையாத நாய் எங்க இருக்கு," என்றாள். "சிக்கெடுத்த நாயும் நனையும், எடுக்காத நாயும் நனையும். காயறதுதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி."

சாவோ மொழியில் அது உரக்கச் சொன்ன எச்சரிக்கை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிக்கை எடுக்காமல் தண்ணீர் விட்டால் தொலைந்தாய் என்று அர்த்தமாம். நான் வெளியூர்க்காரி, எனக்குப் புரியாதது சரி. இங்கேயே பிறந்து வளர்ந்த டெர்ஹோவுக்கு எப்படிப் புரியாமல் போயிற்று? யோசித்துப் பார்த்தால், ஊர் பேசியதை எல்லாம் அவருக்கு இர்மெலிதான் வீட்டில் வைத்துப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரமே இல்லத்திலிருந்து செய்தி வந்தது. ஜூன் மாதத்து நடுக்கோடைத் திருநாளுக்கு இர்மெலியை ஒரு மதியம் வீட்டுக்கு அழைத்துப்போகலாம், நாய் கூட இருந்தால் பதற்றப்படமாட்டாள் என்றார்கள். டெர்ஹோ அன்றைக்கே ஜன்னல்களைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சிக்கெடுக்கும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. ஐலா கொடுத்த இரும்புச் சீப்போடு அவர் மல்லுக்கட்டினார். அவர் கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் இழுத்தால் தோலும் சேர்ந்து வரும், நாய் கத்தும். கத்தினால் இவர் மன்னிப்புக் கேட்பார். ஒருவரிடமும் பேசாத மனுஷன் நாயிடம் மன்னிப்புக் கேட்பதை நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். சில நாளில் சீப்பைப் பார்த்ததும் ஹிப்பு சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு தடவை கடித்தும் விட்டது. எனக்கு இரண்டு பேர் மேலும் பரிதாபம் வந்தது. பரிதாபம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். வேண்டாம், அந்த ஐலாவிடமே கொடுத்துவிடுங்கள் என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டேன். கொடுத்தால் அவள் மெஷினை எடுத்துவிடுவாள் என்றார்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் சவுனா என்கிற நீராவிக் குளியல். டெர்ஹோவின் இடுப்புப் பிடிப்பு அங்கேதான் இளகும், அவர் மனசு அங்கேதான் இளகும். முடி மட்டும் இளகாமல் எங்கே போகும் என்று நினைத்திருக்கிறார். இதை ஒரு பின்லாந்துக்காரனைத் தவிர வேறு யாரும் நினைக்க முடியாது. அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும் சீற்றம் சுவர் வழியாகக் கேட்டது. நடுவே நாயின் முனகல் கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாயை சவுனாவுக்கு அழைத்துப்போகிறவர்கள் ஊரில் உண்டு.

அவர் என்ன செய்தார் என்று பிறகு தெரிந்தது. ஆவி பிடிக்க வைத்து, இர்மெலியின் ஷாம்புவைப் போட்டு நன்றாகக் கசக்கி, வெந்நீர் ஊற்றி, திரும்பவும் கசக்கி, துண்டால் அழுத்தித் துவட்டியிருக்கிறார். கம்பளி பூட்ஸ் செய்கிறவர்கள் எப்படிச் செய்வார்கள் தெரியுமா? ஆட்டு ரோமத்தைப் பரப்பி, சோப்பும் வெந்நீரும் விட்டு, தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அது இறுகிக் கெட்டிப்படும். பிறகு எந்தச் சீப்பாலும் அதைப் பிரிக்க முடியாது. டெர்ஹோவும் அதையேதான் செய்திருந்தார், உள்ளே உயிரோடு ஒரு நாயை வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் நின்றார். ஹிப்பு அவர் காலடியில் நின்றது. உட்கார முடியாமல் நின்றது. அளவு குறைந்த அட்டைச் சட்டையை மாட்டிவிட்டது போல உடம்பெல்லாம் விறைத்திருந்தது. காலை எடுத்து வைத்தால் தோல் எங்கோ இழுத்துப்பிடித்து, கால் பாதியில் நின்றது.

"நான் குளிப்பாட்டத்தானே செஞ்சேன்," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் ஐலாவின் அறைக்குப் போனோம். அவள் தொட்டுப் பார்த்தாள். தொடை ஓரத்தில் விரலை நுழைத்துக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அடியில் தோல் சிவந்து, ஈரம் கசிந்து, புண்ணாகியிருந்தது. நாற்றமும் வந்தது.

"வெட்டணும்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சாவோக்காரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் விஷயம் எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெர்ஹோவின் முகம் வெளுத்துவிட்டது. திருநாள் வெள்ளிக்கிழமைதான், அது முடிந்த பிறகு வெட்டலாமா, தலையையாவது விட்டுவைக்கலாமா, முதுகில் கொஞ்சமாவது என்று கேட்டார். காதிலும் முகத்திலும் ஏதோ கொஞ்சம் காப்பாற்றலாம், மற்றதெல்லாம் ஒரே துண்டாகத்தான் வரும் என்றாள் ஐலா. அவர் வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். பழைய டயர்களை அடுக்கிவைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வெட்டிட்டா அவளுக்கு ஹிப்புவைத் தெரியாது," என்றார். "ஹிப்புவைத் தெரியலேன்னா நான் யாரு?"

நேராகப் பேசுகிறவள் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்த நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நாய்க்கு வலிக்கிறது என்று சொல்லலாம். அது அவருக்குத் தெரியாதா? மழை தூற ஆரம்பித்தது. இரண்டு பேரும் டயர்களைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"அவ என்னைக் கண்டுபிடிக்கறதுக்காக இது வலியைத் தாங்கணுமா, கெர்ட்டு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. உள்ளே போய், ஹிப்புவின் தலையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார். மெஷினை மெதுவாகத் தோலை ஒட்டி ஓட்டினாள் ஐலா. ரோமம் முழுசும் ஒரே பாயாகக் கழன்று வந்தது. மேசைமேல் தனியாக வைத்தால் தானாகவே நின்றது. அதற்குள்ளிருந்து சிவப்பும் சாம்பலுமாக, எலும்பு தெரிகிற ஒரு சின்னப் பிராணி வந்தது. ஒரு தடவை உடம்பை உதறியது. பிறகு, இரண்டு நாளைக்கு அப்புறம், உட்கார்ந்தது.

அந்த ரோமப் பாயை டெர்ஹோ பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் என்னிடம் வந்து, இதை ஒரு மேல்சட்டையாகத் தைத்து ஹிப்புவுக்கு அன்றைக்கு ஒரு மதியம் மட்டும் மாட்டிவிட முடியுமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. போய்க் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்குங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு, தைத்தால்தான் என்ன என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. அவ்வளவு குழம்பிப் போயிருந்தோம்.

நடுக்கோடைத் திருநாளன்று அவர் வாசலின் இரண்டு பக்கமும் இளம் பிர்ச் மரக்கிளைகளை நட்டிருந்தார். புது உருளைக்கிழங்கு வேகவைத்து, சதகுப்பைத் தழை தூவி, ஊறவைத்த மீன் வாங்கி, சட்டைக்குக் கஞ்சிகூடப் போட்டிருந்தார். பன் நான் சுட்டேன். தனியாக விட்டால் வாயே திறக்கமாட்டார் என்று என்னையும் இருக்கச் சொன்னார்.

இல்லத்து வண்டியிலிருந்து இர்மெலி இறங்கினாள். நன்றாக உடுத்தியிருந்தாள், கழுத்தில் பாசிமணி. என்னைப் பார்த்துச் சிரித்தாள், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற சிரிப்பு. வீட்டுக்குள் வந்து, அழகான வீடு, ஜன்னல்களைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று டெர்ஹோவைப் பாராட்டினாள். அவர் நன்றி என்றார்.

ஹிப்பு ஓடி வந்தது. வால் என்று சொல்ல ஒரு குச்சிதான் மிச்சம், அதை ஆட்டிக்கொண்டு அவள் காலைச் சுற்றியது.

"ஐயோ பாவம், யார் வீட்டு நாய் இது?" என்றாள் இர்மெலி.

டெர்ஹோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஹிப்பு," என்றார். "இது ஹிப்புதான்."

"இல்லீங்க. ஹிப்புவுக்கு நிறைய முடி." அவள் கோபப்படவில்லை, விளக்கிச் சொன்னாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசைவிரிப்பைப் பார்த்தார். நான் பார்க்கக்கூடாதென்று காப்பியை ஊற்றினேன்.

இந்த நேரத்தில் நாய் யாரையும் கேட்கவில்லை. சோபாவில் ஏறி, அவள் மடியில் விழுந்து, பக்கவாட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் டெர்ஹோவைப் பார்க்காமலேயே வலது கையை நீட்டினாள்.

"சீப்பு."

அவர் ஓடிப்போய் அந்த இரும்புச் சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் இடது உள்ளங்கையை நாயின் உடம்புக்கு மேலே, தோலில் படாமல், நாலு விரல் உயரத்தில் வைத்தாள். அங்கே இல்லாத முடியை மேல்பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். வயிற்றோரம் ஒரு மெல்லிய வரிசையை மட்டும் விட்டு, நுனியிலிருந்து சீவினாள். பிறகு நடுவிலிருந்து, அதற்குப் பிறகு வேரிலிருந்து. உள்ளங்கையைக் கொஞ்சம் தளர்த்தி அடுத்த வரிசையை விட்டாள். சீப்பு வெறும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அக்குள் வந்ததும் நின்றாள். இரண்டு விரலால் வேரை இறுகப் பிடித்து, மறுகை நகத்தால் ஒன்றுமில்லாததைச் சின்னச் சின்னதாகப் பிரித்தாள். ஹிப்பு கண்ணை மூடிக்கொண்டது.

"இர்மெலி, அதுல முடியே..." என்று டெர்ஹோ ஆரம்பித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கஞ்சி போட்ட சட்டை மொடமொடவென்றது.

அவர் சோபாவின் அருகே தரையில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் நாய் வச்சிருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"வச்சிருக்கேன்."

"அடியிலேர்ந்து சீவணும். மேல மட்டும் தடவினா பாக்கறதுக்குத்தான் நல்லா இருக்கும்." அவள் காதுக்குப் பின்னால் வந்திருந்தாள். அங்கே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருகிட்ட இத நான் குடுக்கறதே இல்ல. நாய் கத்தினா அவரால தாங்க முடியாது. பேச மாட்டாரு, ஆனா ராத்திரி தூக்கம் வராது அவருக்கு. அதனால அவரு வீட்டுக்கு வர்றதுக்குள்ள நானே முடிச்சிடுவேன்."

டெர்ஹோ தலையாட்டினார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குக் கொஞ்சம் காட்டித் தர்றீங்களா?" என்று அவர் கேட்பது கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். சீப்பை அவர் கையில் கொடுத்து, அந்தப் பெரிய கையைத் தன் கையால் மூடி, காற்றில் ஒரு வரிசை சீவிக் காட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா," என்றாள். அவர் மெதுவாகச் சீவினார். மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து அந்த மொட்டை நாயின் ஒரு பக்கம் முழுவதையும் சீவி முடித்தார்கள். பிறகு அவளே அதைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரு இப்ப எங்க?" என்று டெர்ஹோ கேட்டார்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே ஜூன் மாதத்து வெயில், பிர்ச் இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"பனி தள்ளப் போயிருக்காரு," என்றாள். "வந்துடுவாரு."

"ஆமா," என்றார் டெர்ஹோ. "வந்துடுவாரு."